கழட்டாத திருகு

இந்த வாரத்துக்குள்ள ஜன்னல் மூலை தன் கைக்கு வந்தாகணும்னு புரியுதுசார் முடிவு பண்ணிட்டாரு.

மொத்த வீட்டுலயும் காத்து வர்ற இடம் அந்த மூலை ஒண்ணுதான். மத்த இடத்துலெல்லாம் காத்துக்குக் காத்துகிட்டுத்தான் இருக்கணும்.

முதல்ல ஆளைச் சொல்லிடறேன். அவருக்கு லிஃப்ட் கம்பெனில புகார் கேக்கற வேலை. லிஃப்ட் பாதில நின்னுபோச்சு, கதவு திறக்கலை, பட்டனை அமுக்கினா மேல போகாம கீழ போகுதுன்னு ஊரே போன் பண்ணும். இவரு எடுப்பாரு. எதிர்ல இருக்கறவங்க முதல் வாக்கியத்தை முடிக்கறதுக்குள்ள "புரியுது சார்"ம்பாரு. அடுத்து, "உங்க புகார் பதிவாயிடுச்சு, ஆள் வந்துகிட்டிருக்காரு"ம்பாரு. போனை வெச்சிடுவாரு. ஆளு அப்ப பெரும்பாலும் பக்கத்து மேஜைல உக்காந்து பேப்பர் படிச்சுகிட்டிருப்பாரு. ரெண்டே வாக்கியத்தை வெச்சு ஒரு குடும்பத்தையே காப்பாத்தின மனுஷன். அதனால ஆபீஸ்ல அவருக்குப் புரியுதுசார்னு பேரு விழுந்து, அது பஸ் ஏறி வீட்டுத் தெரு வரைக்கும் வந்துடுச்சு.

இத்தனை வருஷம் பொறுமையா இருந்ததைப் பாராட்டி கம்பெனி அவருக்கு ஒரு சாய்வு நாற்காலி கொடுத்துச்சு. உண்மையில பொறுமையா இருந்தது லிஃப்டுக்குள்ள மாட்டினவங்கதான். ஆனா அத்தனை பேருக்கும் நாற்காலி கொடுத்துத் தீருமா? நாற்காலி அருமையான நாற்காலி. முதுகைப் பின்னால சாய்ச்சா கால் தானா மேல வரும். ஒரே குறை, அதை விரிச்சுப் போட வீட்டுல இடமில்ல. பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்காம நடையில, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்துல நிறுத்தி வெச்சிருந்தாரு. தினம் ஆபீஸ் போகறப்ப அதைத் தடவிக் கொடுத்துட்டுப் போவாரு. வர்றப்ப அதுல முட்டிக்குவாரு.

ஜன்னல் மூலைல இருந்தது அவரோட வீட்டுக்காரம்மாவோட தொழில். துணில எழுத்து தைக்கற மெஷின் ஒண்ணு, அதை ஓட்டறதுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு. கம்ப்யூட்டர்ல பேரை அடிச்சா மெஷின் கடகடன்னு துணில தைச்சுக் கொடுத்துடும். அவங்க பள்ளிக்கூடப் பை, கைக்குட்டை, கல்யாணத் துண்டுன்னு தைச்சுக் கொடுத்துகிட்டிருந்தாங்க. கம்ப்யூட்டருக்கு வயசாயிடுச்சு. ஆன் பண்ணா இருமும். கொஞ்ச நேரம் யோசிக்கும். அப்புறம்தான் கண்ணைத் திறக்கும். ஆனா அதைத் தூக்கிப் போட முடியாது. மெஷினோட பேசறதுக்கு அதுக்குள்ள ஒரு கார்டு இருக்கு. அந்தக் கார்டு மதர்போர்டு மேல நீளமா, கறுப்பா இருக்கற ஒரு பள்ளத்துல நட்டுக்க நிக்கும். ஸ்லாட்டும்பாங்க. இப்ப வர்ற கம்ப்யூட்டர்ல அந்த மாதிரி ஸ்லாட்டே கிடையாது.

புரியுதுசார் கேட்டுப் பார்க்காம இல்ல.

"ஏம்மா, அந்த மூலையை எனக்குக் கொடுத்துட்டா என்ன?"

"கம்ப்யூட்டரை எங்க வைக்கறது? உங்க தலைமேலயா?"

"பின்ரூம் இருக்கே."

"பின்ரூம்ல பிளக் இல்ல, வெளிச்சமும் இல்ல. நான் ஊசில நூல் கோக்கறப்ப நீங்க டார்ச் பிடிச்சுகிட்டு நிப்பீங்களா?"

"ஆபீஸ் போகணுமே."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. அந்தக் கம்ப்யூட்டர் தானா உயிரை விடட்டும். அன்னைக்கே இந்த மூலை உங்களுக்கு. நானும் இந்தக் கண்வலி வேலையை விட்டுட்டு நிம்மதியா உக்கார்றேன். போதுமா?"

புரியுதுசார் காதுல எப்பவுமே பாதிதான் விழும். 'உயிரை விடட்டும்' விழுந்துச்சு. 'மூலை உங்களுக்கு' பளிச்சுன்னு விழுந்துச்சு. நடுவுல இருந்த 'தானா' விழலை. ஆபீஸ் பழக்கம்.

இதுல அவரைக் கெட்டவர்னு நினைச்சுடாதீங்க. கொலை பண்ற உத்தேசமெல்லாம் இல்ல. கார்டை லேசா ஆட்டி விட்டுடறது. கம்ப்யூட்டர் வரும், மெஷின் ஓடாது. 'பழசாயிடுச்சும்மா, பாகம் கிடைக்காது'ன்னு சோகமா ஒரு வார்த்தை. அவங்களுக்கு நிம்மதி, இவருக்குக் காத்து. குடும்பம்னா விட்டுக் கொடுக்கணும் இல்லையா? அவங்க விட்டுக் கொடுக்க இவரு உதவி பண்றாரு, அவ்வளவுதான்.

சனிக்கிழமை வீட்டுக்காரம்மா ஏதோ ஆர்டர் விஷயமா வெளிய போனாங்க. இவரு கதவைத் தாழ்ப்பாள் போட்டாரு. கம்ப்யூட்டர் பெட்டியோட பக்கத்து மூடியைக் கழட்டினாரு. உள்ள இருந்த தூசியை வெச்சு ஒரு தலையணை தைக்கலாம். கார்டு தெரிஞ்சுது. ரெண்டு விரலால பிடிச்சு ஆட்டினாரு. அசையலை. நாலு விரலால பிடிச்சாரு. அசையலை. 'என்னடா இது, நம்ம லிஃப்டை விட மோசமா இருக்கே'ன்னு ரெண்டு கையாலயும் பிடிச்சு, காலை மேஜையில உதைச்சுகிட்டு, ஒரு பக்கமா சாய்ச்சு இழுத்தாரு.

'டக்'னு ஒரு சத்தம்.

கார்டு கைல வரலை. ஸ்லாட்டோட ஒரு பக்கச் சுவர் பேத்துகிட்டு வந்து போர்டு மேல விழுந்துச்சு. உள்ள இருந்த பித்தளைக் கம்பிங்கள்ல பாதி இந்தப் பக்கம் சாஞ்சுது, பாதி அந்தப் பக்கம் சாஞ்சுது. அப்பதான் பார்த்தாரு. கார்டோட முதுகுல ஒரு தகடு. அந்தத் தகட்டைப் பெட்டியோட சேர்த்துப் பிடிச்சுகிட்டு ஒரே ஒரு திருகு. அதைக் கழட்டிட்டு இழுத்திருந்தா கார்டு வெண்ணெய்ல கத்தி மாதிரி வந்திருக்கும்.

திருகு அவரைப் பார்த்துகிட்டே இருந்துச்சு. உடைஞ்ச துண்டை எடுத்து அது இருந்த இடத்துல சாத்தி வெச்சு, மூடியை மூடிட்டு, கையைக் கழுவிட்டு வந்து உக்காந்தாரு. 'லேசா ஆட்டறதா சொன்னோம். கொஞ்சம் வேகமா ஆட்டிட்டோம். பலன் ஒண்ணுதானே'ன்னு மனசைத் தேத்திகிட்டாரு.

வீட்டுக்காரம்மா வந்தாங்க. வாசல்லயே ஆரம்பிச்சுட்டாங்க. முகத்துல அப்படி ஒரு வெளிச்சம்.

"என்னங்க! பெரிய ஆஸ்பத்திரி ஆர்டர்! நர்ஸுங்க எல்லார் கோட்டுலயும் பேர் தைக்கணும். அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள கொடுத்துட்டா வருஷம் பூரா நம்மகிட்டயே கொடுக்கறோம்னு சொல்லிட்டாங்க. இத்தனை நாள் கைக்குட்டை தைச்சவளுக்கு இது எப்படி இருக்கும்னு சொல்லுங்க!"

எழுந்திருக்கப் போன புரியுதுசார் பாதியிலயே நின்னுட்டாரு. ரெண்டு மாடிக்கு நடுவுல லிஃப்ட் நிக்குமே, அந்த மாதிரி.

"நீ... இந்த வேலையை விடப்போறேன்னு சொன்னியேம்மா?"

"வேலையை எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன்னு நீங்களும்தான் தினம் சொல்றீங்க. வந்துட்டீங்களா?"

சொல்லிட்டு நேரா மூலைக்குப் போய் கம்ப்யூட்டரை ஆன் பண்ணாங்க. இருமிச்சு. யோசிச்சுது. கண்ணைத் திறந்துச்சு. அவங்க ஒரு பேரை அடிச்சாங்க. மெஷின் அசையவே இல்ல.

"என்னங்க, இது..."

"புரியுதும்மா."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலையே."

"இல்ல, பொதுவா சொன்னேன். பழசு இல்லையா? ஸ்லாட்டு கிலாட்டு உடைஞ்சிருக்கும்."

"ஸ்லாட்டா?"

"ஒரு ஊகம்தான். நீ கவலையே படாத. நான் பார்த்துக்கறேன். உன் புகார் பதிவாயிடுச்சு."

வீட்டுக்காரம்மா அவரை ஒரு தடவை பார்த்தாங்க, பெட்டியை ஒரு தடவை பார்த்தாங்க. வேற ஒண்ணும் சொல்லலை. அவங்க ஒண்ணும் சொல்லாம இருந்தா, சந்தேகமே வரலைன்னு அர்த்தம் பண்ணிக்கறது இவரோட நெடுநாள் வழக்கம்.

ஆனா மனுஷனுக்கு உள்ள ஏதோ அரிச்சுது. வாசல்ல நின்னு 'எப்படி இருக்கும்னு சொல்லுங்க'ன்னு கேட்ட அந்த முகம் கண்ணுக்குள்ளயே நின்னுச்சு. ஜன்னலும் வேணாம், காத்தும் வேணாம், ஞாயித்துக்கிழமைக்குள்ள இதைச் சரி பண்ணிட்டா போதும், அதுவும் அவங்களுக்குத் தெரியாமன்னு ஆயிடுச்சு.

மறுநாள் காலைல அவங்க குளிக்கப் போனதும், உடனே ஒட்டற கோந்து ஒரு டியூப் எடுத்தாரு. உடைஞ்ச சுவரை ஒட்டினாரு. சுவர் ஒட்டுச்சு. கோந்து வழிஞ்சு உள்ள இருந்த கம்பிங்களையும் ஒட்டுச்சு. வழிஞ்சதைத் துடைக்கப் போன ஆள்காட்டி விரலையும் ஒட்டுச்சு.

"என்னங்க, காபி!"

"வர்றேன் வர்றேன்."

"ஆறுது!"

"நீ குடிம்மா. எனக்கு... இங்கயே நல்லா இருக்கு."

வீட்டுக்காரம்மா ஈரத் தலையோட வந்து நின்னாங்க. இவரு பெட்டிக்குள்ள கையை விட்டுகிட்டு, நாடி பிடிச்சுப் பார்க்கற வைத்தியர் மாதிரி உக்காந்திருந்தாரு.

"என்ன பண்றீங்க?"

"தூசி துடைக்கறேன்."

"ஒரே விரலாலயா?"

"நுணுக்கமான இடம்."

அவங்க உள்ள போனாங்க. நகப்பூச்சு துடைக்கற தண்ணியைப் பஞ்சுல நனைச்சு எடுத்துட்டு வந்தாங்க. விரலை எடுத்துவிட்டாங்க. 'நல்ல வேளை, எதுக்கு ஒட்டுச்சுன்னு கேக்கலை'ன்னு இவருக்கு ஒரே சந்தோஷம்.

திங்கக்கிழமை ஆபீஸுக்குப் போற வழியில பழைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில ஏறினாரு. கடைக்காரரு எந்நேரமும் ஒரு கண்ணுல லென்ஸை மாட்டிகிட்டிருப்பாரு. அதனால தெருவுல எல்லாருக்கும் அவரு பூதக்கண்ணாடி. இவரு போன்ல எடுத்த படத்தைக் காட்டினாரு.

"யாரு சார் இப்படி இழுத்தது?"

"தெரியலைங்க. தானா விட்டிருக்கு. இதை எடுத்துட்டு வேற ஸ்லாட் வைக்க முடியாதா?"

"வைக்கலாம். அடியில எத்தனை காலு பாருங்க. ஒவ்வொரு காலுக்கும் ஈயத்தை உருக்கி உறிஞ்சி எடுக்கணும். பழைய போர்டு. சூடு கூடினா உள்ள இருக்கற கோடெல்லாம் வெயில்ல உரியற தோலு மாதிரி வந்துடும். அதுல கோந்து வேற ஊத்தி வெச்சிருக்கீங்க. அதெல்லாம் எதுக்கு சார்? இந்த போர்டுல பக்கத்துலயே..."

"புரியுது சார். வேற போர்டு போடணும். அதானே?"

"இல்ல சார், நான் சொல்ல வந்தது..."

"புரியுது, புரியுது. இதே மாதிரி ஸ்லாட் வெச்ச போர்டு கிடைக்குமா, கிடைக்காதா?"

பூதக்கண்ணாடி லென்ஸைக் கழட்டிட்டு அவரை வெறுங்கண்ணால பார்த்தாரு. பெரிசாக்கிப் பார்க்கற அளவுக்கு இதுல ஒண்ணுமில்லன்னு நினைச்சிருப்பாரு போல.

"தேடச் சொல்றேன் சார்."

"எப்ப வரும்?"

"வந்துகிட்டிருக்கு சார்."

அது புரியுதுசாரோட சொந்த வாக்கியம். இத்தனை வருஷத்துல முதல் தடவையா லிஃப்டுக்குள்ள இருந்து கேட்டாரு அதை.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, செருப்பு ஸ்டாண்டு வாசலுக்கு வெளிய நிக்குது, நடையில சாய்வு நாற்காலி உறை பிரிச்சு விரிஞ்சு கிடக்கு. அதுல வீட்டுக்காரம்மா சாஞ்சிருக்காங்க. கால் மேல ஏறியிருக்கு. மடியில வெள்ளைக் கோட்டு, கையில ஊசி.

"கம்ப்யூட்டரை நம்பி வாக்கு கொடுத்தாச்சு. என்ன பண்றது? கையாலயே தைச்சுடலாம்னு உக்காந்துட்டேன். முதுகு வலிக்குது, அதான் உங்க நாற்காலி. தப்பா?"

"சேச்சே! உனக்கில்லாததா!"

"சமையல்தான் இன்னும் ஆகலை. எழுந்திருச்சா வேலை நின்னுடும்..."

"புரியுதும்மா."

அன்னைலேர்ந்து அவருதான் சமையல். காய் நறுக்கினாரு, பாத்திரம் தேய்ச்சாரு, துணி துவைச்சாரு, காயப்போட்டாரு. 'அப்படியே ஃபேன்ல இருக்கற ஒட்டடையை...'ன்னு அவங்க ஆரம்பிச்சா போதும், 'புரியுதும்மா'ன்னு ஸ்டூல் மேல ஏறிடுவாரு. வாக்கியத்தை முடிக்கற சிரமத்தைக் கூட அவங்களுக்கு வைக்கலை. மனசாட்சி உறுத்தறவனுக்குத் துடைப்பம் ரொம்ப லேசா இருக்கும்னு அந்த வாரம் கண்டுபிடிச்சாரு.

நடுவுல ஆச்சரியம் என்னன்னா, கோட்டுங்க மளமளன்னு முடிஞ்சுகிட்டிருந்துச்சு. காலைல ஆபீஸ் போறப்ப வெறுங்கோட்டா இருந்த குவியல், சாயங்காலம் பேரோட மடிச்சு அடுக்கி இருக்கும். எழுத்து ஒவ்வொண்ணும் அளந்து வெச்ச மாதிரி. ஒரு கோட்டை விளக்குல பிடிச்சுப் பார்த்து உருகிட்டாரு.

"உன் கையே மெஷின்மா!"

"அப்படித்தான் தோணும்" னாங்க அவங்க, நாற்காலியை இன்னும் கொஞ்சம் சாய்ச்சுகிட்டு.

கீழ் வீட்டு டீச்சர் மாடிப்படில மறிச்சாங்க ஒருநாள். வேலைல இருந்து ஓய்வு வாங்கினவங்க. வகுப்பறையை விட்டுட்டு வந்தாலும் குரலை விட்டுட்டு வரலை.

"சார், பகல்ல உங்க வீட்டுல..."

"புரியுது டீச்சர்."

"என்ன புரியுது? முழுசாக் கேளுங்க. நீங்க ஆபீஸ் கிளம்பினதும் ஆரம்பிக்கற சத்தம்..."

"குழாய்தானே? உங்க புகார் பதிவாயிடுச்சு டீச்சர். ஆள் வந்துகிட்டிருக்காரு."

"என் வகுப்புல இருந்திருந்தா உங்களை பெஞ்ச் மேல ஏத்தியிருப்பேன்" னு சொல்லிட்டு டீச்சர் கதவைச் சாத்திகிட்டாங்க.

சனிக்கிழமை பூதக்கண்ணாடி போன் பண்ணாரு. போர்டு வந்துடுச்சாம். ஆனா போர்டை மட்டும் பிரிச்சுக் கொடுக்க முடியாதாம். பெட்டி, திரை, கீபோர்டு எல்லாம் சேர்த்து முழுக் கம்ப்யூட்டராத்தான் எடுத்துகிட்டுப் போகணுமாம். இவரு ஏன்னு கேக்கலை. ஆட்டோல ஏத்திகிட்டு வந்தாரு. வீட்டுக்காரம்மா கடைக்குப் போயிருந்த நேரமாப் பார்த்து, நடையில நாற்காலிக்குப் பின்னால வெச்சு ஒரு போர்வையைப் போட்டு மூடினாரு. யானையைக் கைக்குட்டையால மூடின மாதிரிதான் இருந்துச்சு. ஆனா வந்தவங்க அந்தப் பக்கமே திரும்பலை. அதிர்ஷ்டம்னா இதுன்னு நினைச்சுகிட்டாரு.

ஞாயித்துக்கிழமை. கோட்டு மூட்டையோட வீட்டுக்காரம்மா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாங்க. இவரு ஜன்னல்லேர்ந்து ஆட்டோ திரும்பறதைப் பார்த்துட்டு வேலைல இறங்கினாரு. பழைய போர்டை எடுத்துட்டுப் புது பழைய போர்டை மாட்டணும். அவங்க வர்றதுக்குள்ள மெஷின் ஓடணும். 'தானா சரியாயிடுச்சு பாரு'ன்னு சொல்லணும். இந்தத் தடவை முதல்ல திருகுதான். ரெண்டு மணி நேரம் வீடு பூரா தேடி எடுத்த ஸ்குரூடிரைவரைக் கையில பிடிச்சுகிட்டே மூடியைத் திறந்தாரு.

தூசியைக் காணோம். பெட்டிக்குள்ள பளபளன்னு துடைச்சிருந்துச்சு. கோந்து வழிஞ்ச உடைஞ்ச ஸ்லாட், அவரு விட்ட இடத்துலயே காலியா இருந்துச்சு.

அதுக்குப் பக்கத்துலயே, அதே நீளம், அதே கறுப்பு, இன்னொரு ஸ்லாட். கார்டு அதுல ஜம்முனு உக்காந்திருந்துச்சு. திருகு நல்லா முடுக்கியிருந்துச்சு.

புரியுதுசார் கையை மெல்ல நீட்டி ஸ்விட்சைப் போட்டாரு. இருமிச்சு. யோசிச்சுது. கண்ணைத் திறந்துச்சு. ஒரு விரலால தன் பேரை அடிச்சாரு. மெஷின் கடகடகடன்னு தைக்க ஆரம்பிச்சுது. கீழ் வீட்டுலேர்ந்து டீச்சர் கூரையைத் தட்டினாங்க.

முதுகுக்குப் பின்னால ஒரு குரல்.

"ஓடுதா?"

வீட்டுக்காரம்மா வாசல்ல நிக்கறாங்க. கையில மூட்டை இல்ல. ஆர்டரைக் கொடுத்தாச்சு.

"நீ... இது... எப்ப மாத்தினே?"

"திங்கக்கிழமை. நீங்க தெருமுனை திரும்பறதுக்குள்ள."

"அப்ப கையால தைச்சது?"

"நீங்க வர்ற சத்தம் கேட்டா ஊசியைக் கையில எடுப்பேன். மெஷின் விக்க வந்தவரு அன்னைக்கே சொன்னாரு, ஒண்ணு போனா பக்கத்துல சொருகிக்கோங்கம்மான்னு. நீங்களும் அப்ப இங்கதான் நின்னுகிட்டிருந்தீங்க. அவரு பாதி சொல்றப்பவே 'புரியுது சார்'னு சொல்லிட்டு அனுப்பி வெச்சீங்க."

"நான்தான் உடைச்சேன்னு..."

"ஸ்லாட் உடைஞ்சிருக்கு, திருகு கழட்டலை. குளியலறைத் தாழ்ப்பாளைத் திறக்காம கதவைத் தள்ளறவரு, டப்பா மூடியைத் திருகாம இழுக்கறவரு இந்த வீட்டுல எத்தனை பேரு இருக்காங்க?"

புரியுதுசார் தலையைக் குனிஞ்சுகிட்டாரு. அப்புறம் கடைசியா மிச்சமிருந்த ஒரு நூலைப் பிடிச்சாரு.

"இருந்தாலும், அது உயிரை விட்டா மூலை எனக்குன்னு நீதானே சொன்னே? ஒரு நாளாவது உயிரை விட்டுச்சா இல்லையா?"

"தானா விட்டாத்தான்னு சொன்னேன். நீங்க கழுத்தை நெரிச்சா அது கணக்குல வராது." சொல்லிட்டு அவங்க நடைக்குப் போய் போர்வையைச் சர்ருனு இழுத்தாங்க. "நல்லதாத்தான் கொடுத்திருக்காரு பூதக்கண்ணாடி அண்ணன்."

"அவரு... உனக்கு..."

"நீங்க கடையை விட்டு இறங்கினதுமே அவரு எனக்குப் போன் பண்ணிட்டாரு. பெட்டியோட, திரையோட முழுசாக் கொடுத்து அனுப்புங்கண்ணேன்னு நான்தான் சொன்னேன். ரெண்டாவது மெஷின் ஒண்ணு பேசி வெச்சு எவ்வளவு நாளாச்சு! கார்டு இருக்கு, மெஷின் இருக்கு, இந்த மாதிரி ஸ்லாட் இருக்கற கம்ப்யூட்டர்தான் எங்கயும் கிடைக்கலை. உங்களைத் தேடச் சொன்னா 'ஆள் வந்துகிட்டிருக்காரு'ம்பீங்க. நீங்களா தேடினாத்தான் உண்டு. ஆஸ்பத்திரில வருஷ ஆர்டரும் கொடுத்துட்டாங்க. நாளைக்கு மெஷின் வந்துடும்."

புரியுதுசாருக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக் கூட இருந்துச்சு. வாசல்ல பார்த்த அதே வெளிச்சம் அந்த முகத்துல திரும்பி வந்திருந்துச்சு. அப்புறம் வீட்டை ஒரு சுத்து பார்த்தாரு. ஜன்னல் மூலைல ஒரு மெஷின். ரெண்டாவது மெஷினை வைக்க மிச்சமிருக்கறது இந்த நடை ஒண்ணுதான். நடையில உக்காந்து தைக்கறதுக்கு...

"நாற்காலி?"

"அதுவா? ரெண்டு மெஷினைப் பார்த்துக்கறவளுக்கு முதுகு என்னத்துக்கு ஆகும்? அது எனக்கு."

"அப்ப நான் எங்கம்மா உக்கார்..."

அவரோட வாக்கியம் முடியலை. வீட்டுக்காரம்மா நாற்காலில சாஞ்சு, காலைத் தூக்கி வெச்சுகிட்டு, கையைக் காதுகிட்ட போன் மாதிரி பிடிச்சுகிட்டாங்க.

"புரியுது சார். உங்க புகார் பதிவாயிடுச்சு. ஆள் வந்துகிட்டிருக்காரு."

அந்த ஆளு எப்ப வருவாருன்னு புரியுதுசாருக்கு உண்மையிலேயே புரிஞ்சுது.